கொடுமுடிக்குப் போகும் வழியில்

சேலத்திலிருந்து கொடுமுடிக்கு இரண்டு வழி உண்டு. ஈரோடு போய், கரூர் பக்கம் போகும் ரயிலில் ஏறிக்கொள்வது ஒன்று. சங்ககிரி, திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் என்று சமவெளியைச் சுற்றிக்கொண்டு போய்க் காவிரிப் பாலத்தைத் தாண்டுவது மற்றொன்று. வேலையாகப் போகிறவர்களுக்கு ரயில்தான் வசதி. கே.பி. சுந்தராம்பாளைத் தேடிப் போகிறவர்களுக்குச் சுற்றுவழியே சரி. அவர் பாட்டு எந்த மண்ணில் முளைத்து யார் யார் கையால் வளர்ந்தது என்பதற்கான தடயங்கள் அந்த வழியெங்கும் கிடக்கின்றன.

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் 1908 அக்டோபரில் பிறந்தவர். இன்றைக்கு அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அவர் ஔவையார். கோலூன்றி நடக்கும் நரைத்த கிழவி. வாயைத் திறந்தால் கொட்டகையின் பின்வரிசை வரைக்கும் அதிரும் குரல். அந்தக் கிழவிக்கு முன்னால் ரயில் பெட்டிகளில் பாடிய ஏழைச் சிறுமி ஒருத்தி இருந்தாள், நாடகத்தில் பையன் வேஷம் கட்டிய ஒருத்தி இருந்தாள், கொழும்பு மேடையில் ஊரையே கிறங்க வைத்த இளம்பெண் ஒருத்தி இருந்தாள். மூவரையும் திரைப்படம் நமக்குக் காட்டவில்லை.

சேலத்தில் முதலில் கண்ணில் படுவது ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் முப்பதுகளில் தொடங்கிய ஸ்டுடியோ அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வண்ணத்தில் வந்ததும் அங்கிருந்துதான். கருணாநிதியும் கண்ணதாசனும் வேலை பார்த்த இடம். இப்போது ஸ்டுடியோ இல்லை, வளைவு மட்டும் மிச்சம். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சினிமா இந்த ஊரில் தொழிற்சாலையாக மாறுவதற்கு முன்னால், இதே வட்டாரத்தின் ஆட்டபாட்டமெல்லாம் மாரியம்மன் நோம்பியை நம்பித்தான் இருந்தது. ஓர் இரவு தெருக்கூத்து, ஓர் இரவு நாடகம், இன்னோர் இரவு உடுக்கையடித்து அண்ணன்மார் கதை. தமிழ் சினிமாவுக்கு முதல் இருபது வருஷம் நடிகர்களையும் பாட்டையும் கொடுத்தது இந்த இரவுகள்தான்.

மேற்கே கோயமுத்தூர் நெடுஞ்சாலையில் திரும்பினால் லாரிகளின் ராஜ்யம். சங்ககிரி மலைக்கோட்டை தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம். ஆடிப்பெருக்கன்று கொங்கு நாட்டார் திரண்டு வந்து அவரை நினைக்கிறார்கள். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பலருக்குப் பக்கத்திலிருக்கும் அக்கம்மாபேட்டையைத் தெரிவதில்லை. இயக்குநர் ஏ.பி. நாகராஜன் 1928-இல் பிறந்த ஊர் அது. பெயரில் இருக்கும் 'ஏ' அந்த ஊர்தான்.

நாகராஜனைச் சுந்தராம்பாளின் கதைக்குள் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. சிறுவனாக டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர், பெண் வேஷம் கட்டிப் பெயர் வாங்கியவர். அந்தக் கம்பெனியின் பெரிய வெற்றிகளில் ஒன்று 'ஔவையார்'. அதில் கிழவியாக நடித்தவர் டி.கே. சண்முகம், அந்த வேஷம் கடைசி வரை 'ஔவை சண்முகம்' என்று பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்ட கம்பெனியில் வளர்ந்தவருக்கு, ஔவை என்றால் வயசான ஒரு பெண் மட்டுமாகத் தெரிந்திருக்காது. பாட்டும் வசனமும் சரிவிகிதத்தில் கலந்த, பெரிய நடிகர்கள் கட்ட ஆசைப்படும் வேஷம் அது. பின்னால் 1965-இல் 'திருவிளையாடல்' எடுத்தபோது, கோபித்துக்கொண்டு பழனிமலை ஏறிய முருகனைச் சமாதானப்படுத்த அவர் சுந்தராம்பாளைக் கூப்பிட்டார். படத்தில் சிவாஜி இருக்கிறார், சாவித்திரி இருக்கிறார், நாகேஷ் இருக்கிறார். அறுபதை நெருங்கும் ஒரு பாடகி, கே.வி. மகாதேவன் இசையில், சில நிமிஷம் வந்து அத்தனை பேருக்கும் சமமாக நின்றுவிட்டுப் போகிறார்.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோட்டுச் சாலையில் லாரிகளோடு ரிக் வண்டிகளும் சேர்ந்துகொள்கின்றன. இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போகும் வண்டிகளுக்குத் தாய்வீடு திருச்செங்கோடு. இருபுறமும் குச்சிக்கிழங்குக் காடு. மரவள்ளி என்று எழுத்தில் எழுதினாலும் இந்தப் பக்கம் அது குச்சிக்கிழங்குதான். சேகோ ஆலைகளில் அது ஜவ்வரிசியாகிறது. மழைக்கு ஏங்கும் செம்மண். இந்தப் பூமியில் ஒரு குடும்பத்துக்கு வருமானம் நின்றால் ஊரை விட்டுப் போவது ஒன்றுதான் வழியாக இருந்திருக்கும்.

திருச்செங்கோட்டு மலை மேல் இருக்கும் சாமி பாதி ஆண், பாதி பெண். அர்த்தநாரீசுவரர். அந்தக் கால நாடக மேடையும் ஒருவகையில் இப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்', 'கோவலன்', 'நல்லதங்காள்' முதலிய நாடகங்களைப் பாய்ஸ் கம்பெனிகள் போட்டால் பெண் வேஷமெல்லாம் பையன்களுக்கு. பெண்கள் மேடையேறிய கம்பெனிகளில் நல்ல சாரீரம் உள்ள பெண் ராஜபார்ட் கட்டுவாள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்பவை வேஷங்களின் பெயர். கட்டுகிறவர் ஆணா பெண்ணா என்பது அடுத்த விஷயம். சுந்தராம்பாள் தொடங்கியதே ஆண்பிள்ளை வேஷத்தில்தான். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடிக்கும் மூத்த மகனாக மேடையேறிப் பாடியது அவருடைய முதல் வெற்றி என்று வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் சொல்கின்றன. பசியைப் பாடுவதற்கு அந்தச் சிறுமிக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது.

ஊருக்கு வெளியே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம். 1925-இல் ராஜாஜி தொடங்கியது. குடும்பத்தோடு இங்கே வந்து குடிசையில் தங்கி, கதரையும் மதுவிலக்கையும் இந்த வறண்ட கிராமங்களில் பரப்பினார். ராஜாஜிக்கும் சுந்தராம்பாளுக்கும் இடையே நடந்த ஒரு சின்ன விஷயத்தைப் பின்னால் சொல்லவேண்டும். இப்போதைக்கு இது போதும்: இருபதுகளிலும் முப்பதுகளிலும் காங்கிரஸ் கிராமங்களுக்குள் போவதற்கு இரண்டு சாதனங்கள் இருந்தன. ஒன்று ராட்டை, மற்றொன்று நாடகக்காரர்களின் தொண்டை. முதலாவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதை முறையாகத் தொகுத்து எழுதியவர் சு. தியடோர் பாஸ்கரன். முருகனாக வேஷம் கட்டியவர் வள்ளியைத் துரத்துகிற காட்சியின் நடுவே வெள்ளைக்காரனை வம்புக்கிழுத்துப் பாடுவார், போலீஸ்காரர் மேடையோரம் காத்திருப்பார். அப்படிப் பாடிய நடிகர்களில் ஒருவரான விசுவநாததாஸ் 1940-இன் கடைசி இரவில் சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிரை விட்டார்.

திருச்செங்கோட்டை விட்டுத் தெற்கே இறங்கினால், கொஞ்ச நேரத்தில் நிலம் நிறம் மாறுகிறது. ஜேடர்பாளையம் அணையில் பிரியும் ராஜவாய்க்கால்தான் காரணம். வாழை, கரும்பு, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். வெல்லம் காய்ச்சும் ஆலைகளின் வாசனை சாலை வரை வருகிறது. பிலிக்கல்பாளையத்தில் அதற்குத் தனி ஏலச் சந்தையே உண்டு. பரமத்தி வேலூரில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வழி கேட்கலாம்.

"கொடுமுடிக்கு எப்படிங்க போறது?"

"பாலந்தாண்டி வேலாயுதம்பாளையத்துல வலக்கைப் பக்கம் திரும்பிக்குங்க. நொய்யல் மேல போயிருலாமுங்க. கோயிலுக்குங்களா?"

சுந்தராம்பாள் ஊரைப் பார்க்க என்றதும் கடைக்காரருக்கு ஒரு நொடி யோசனை. "ஔவையாருங்களா? எங்கப்பாரு அவங்க நாடகம்னா வண்டி கட்டிக்கிட்டுப் போயிருவாருன்னு சொல்லுவாங்க. மைக்கில்லாமயே கடைசியாள் வரைக்கும் கேக்குமாமுங்க."

மைக் இல்லாமல் என்பதை அவர் சொல்லும்போது ஒரு பெருமை. அது நியாயமான பெருமை. திறந்தவெளியிலும் ஓலைக் கொட்டகையிலும் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருக்க, விடியும் வரைக்கும் பாடவேண்டும். கீழ்ச்சுருதியில் பாடினால் எதிரே நாலு வரிசைக்கு மேல் போகாது. அதனால் ஹார்மோனியத்தின் மேல்கட்டைகளில் சுருதி வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தெறிக்கும்படி சொல்லைப் பிடித்துப் பாடும் ஒரு முறை உருவானது. கச்சேரி வித்வான்கள் இதைக் 'கத்தல்' என்று முகம் சுளித்தார்கள். ஆனால் ராகம் கர்நாடக ராகம், தாளம் கச்சேரித் தாளம், கேட்டவர்கள் மட்டும் கழனியிலிருந்து நேரே வந்தவர்கள். நாட்டுப்புறப் பாட்டு என்றும் செவ்வியல் இசை என்றும் இன்றைக்கு நாம் போடும் வேலி அந்தக் கொட்டகைக்குள் இல்லை. 'பிருகா' உதிர்ந்தால் கைதட்டவும், சொல் விளங்கவில்லை என்றால் கூச்சல் போடவும் தெரிந்த சபை அது.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சுவாரசியமானது. அமெரிக்காவின் கிராமப்புற இசையைத் தட்டில் ஏற்றி ஒரு தொழிலாக்கிய நிகழ்ச்சி என்று 1927 ஜூலை, ஆகஸ்டில் பிரிஸ்டல் என்ற சிற்றூரில் நடந்த ஒலிப்பதிவைச் சொல்வார்கள். அங்கே முதன்முதலாகப் பாடிப் பதிவுசெய்த ஜிம்மி ராட்ஜர்ஸ் ரயிலில் பிரேக் பிடிக்கும் தொழிலாளியாக இருந்தவர். காசநோயோடு பாடி, 1933-இல் 35 வயதில் இறந்தார். அங்கேயும் ரயில், அங்கேயும் ஏழ்மை, அங்கேயும் அற்பாயுள். ஆனால் ராட்ஜர்ஸுக்கு மைக்ரோபோன் கிடைத்தது. காதருகே வந்து பேசுகிற மாதிரி பாட முடிந்தது. நம்முடைய கொட்டகைப் பாடகர்களுக்கு அது கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. அவருடைய பாட்டு ஒருவருக்குச் சொல்லும் ரகசியம். இவர்களுடையது ஊருக்கே போடும் தமுக்கு.

வேலூர்ப் பாலத்தில் காவிரி அகலமாகக் கிடக்கிறது. அக்கரை கரூர் மாவட்டம். சுந்தராம்பாளின் கதையில் கரூருக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. தகப்பன் ஆதரவு இல்லாத குடும்பம். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாய் பாலாம்பாள் பிழைக்க வழியில்லாமல் அலைந்தார். கரூரில் கிருஷ்ணசாமி ஐயர் என்ற காவல் அதிகாரி சிறுமியின் பாட்டைக் கேட்டு, நாடகக் கம்பெனி நடத்திய வேலு நாயரிடம் சேர்த்துவிட்டார் என்பது ஒரு வரலாறு. ஈரோடு–கரூர்–திருச்சி ரயிலில் பாடிக் காசு வாங்கிக்கொண்டிருந்தபோது எஃப்.ஜி. நடேசய்யர் கண்ணில் பட்டார் என்பது இன்னொரு வரலாறு. நடேசய்யர் திருச்சியில் ரயில்வே அதிகாரி, நாடகப் பித்தர், ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவர். தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடையேற்றியவரும் அவரே. இரண்டு கதையிலும் பொதுவாக இருப்பது ஒன்று: அந்தக் குரலை முதலில் கேட்டவர்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தவர்கள் இல்லை. பயணத்தில் இருந்தவர்கள், வழிப்போக்கர்கள். ஓடும் ரயிலின் இரைச்சலை மீறிப் பாடக் கற்றவளுக்குக் கொட்டகை ஒரு பொருட்டா?

நொய்யலைத் தாண்டினால் கொடுமுடி. மேட்டூரிலிருந்து தெற்கு நோக்கியே வரும் காவிரி இங்கே கிழக்கே திரும்புகிறது. கரையில் மகுடேசுவரர் கோயில். சிவனும் பெருமாளும் பிரம்மாவும் ஒரே வளாகத்தில். பிரம்மாவுக்குப் பதிலாக ஒரு பழைய வன்னி மரம் என்றும் சொல்வார்கள். சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடிய தலம் இது. படித்துறையில் பரிகாரத்துக்கு வந்தவர்கள் ஈரத் துணியோடு வரிசையில் நிற்கிறார்கள். ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது தேவாரமா 'கொடுமுடி கோகிலம்' என்ற பட்டமா என்று கேட்டால், போன நூற்றாண்டைப் பொறுத்தவரை பதில் சுலபம்.

இங்கிருந்து போன பெண், வேலு நாயர் கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றி, இலங்கைக்குப் போனார். அங்கே 1926-இல் செங்கோட்டை கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். எஸ்.ஜி. கிட்டப்பா அப்போதே பெரிய நட்சத்திரம். கன்னையா கம்பெனி மேடைகளில் பாடி வளர்ந்தவர்; பக்கத்தில் ஹார்மோனியத்தில் அண்ணன் காசி ஐயர். கிட்டப்பாவின் குரலோடு போட்டி போட ஒரு பெண்ணால் முடியாது என்று பயமுறுத்தினார்களாம். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேலன் கேட்க வள்ளி மடக்க, வள்ளி கேட்க வேலன் மடக்க, பாட்டும் தர்க்கமுமாக மணிக்கணக்கில் போகும் கட்டம் ஒன்று உண்டு. எழுதி வைத்த பாடம் கொஞ்சம், அந்தந்த இரவில் முளைப்பது நிறைய. எதிராளி சளைத்தால் ரசம் போய்விடும். இரண்டு பேருமே சளைக்காதவர்கள் என்பதைக் கொழும்பு ஒரே இரவில் கண்டுகொண்டது.

1927-இல் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். அது சுந்தராம்பாளுக்குத் தெரியும். தமிழ்நாடு முழுக்க இருவரும் சேர்ந்து நடித்த அந்தச் சில வருஷங்களில் அவர்களுக்கு வந்த கூட்டம் பின்னாளில் சினிமாக்காரர்களுக்குத்தான் வந்தது. பிறகு குடி, சண்டை, பிரிவு. பிறந்த குழந்தை தங்கவில்லை. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் அச்சில் வந்திருக்கின்றன. காதலும் கோபமும் பணக் கணக்கும் ஒரே தாளில் கலந்து கிடக்கும் கடிதங்கள். அவற்றைப் படித்தவர்கள் அவரைச் சாதுவான பக்தைக் கிழவியாக மட்டும் நினைக்க மாட்டார்கள். 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைச் சேலை உடுத்தினார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். இதைத் தியாகம் என்று போற்றி எழுதுவது வழக்கம். அப்படியே எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ்காரர்களின் வற்புறுத்தலில் கொஞ்ச காலத்திலேயே மேடைக்குத் திரும்பிவிட்டார். திரும்பி வந்தவர் யார் என்பதுதான் கவனிக்கவேண்டியது. நாடகக்காரி என்றாலே ஒருமாதிரி பார்த்த ஊர், வெள்ளைச் சேலையில் வந்தவரை எழுந்து நின்று வரவேற்றது. காதலியாக நடித்த வரைக்கும் அவர் குரலுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். துறவியான பிறகு அதே குரலுக்கு அதிகாரம் வந்தது. அந்த அதிகாரத்துக்குக் கொடுத்த விலை என்ன என்று யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தது சினிமா. அசந்தாஸ் என்ற தயாரிப்பாளர் 'நந்தனார்' எடுக்க வந்தார். நடிக்க விருப்பமில்லாமல், ஆளைத் துரத்துவதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகவும் அவர் சரி என்று ஒத்துக்கொண்டதாகவும் கதை. பவுன் முப்பது ரூபாய்க்குள் விற்ற காலம். 1935-இல் மாணிக் லால் டாண்டன் இயக்கத்தில் படம் வந்தது. சுந்தராம்பாள் நந்தனாராக, ஆண் வேஷத்தில். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆணோடு ஜோடி சேராத விரதத்துக்கு ஆணாகவே நடிப்பதில் தடையில்லை. படம் எடுபடவில்லை. பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் கல்கி ஆனந்த விகடனில் கிண்டல் செய்தார். கல்கியின் கிண்டலில் உண்மை இருந்தாலும் ஒன்றை அவர் சொல்லாமல் விட்டார்: கொட்டகைக் கடைசி வரிசைக்காகப் பழகிய முகத்தையும் கையையும் கேமரா இரண்டடியில் வைத்துப் பார்த்தால் வேறெப்படித் தெரியும்?

1937 தேர்தலில் காங்கிரஸுக்காக ஊர் ஊராகப் பாடினார். காந்தி கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், தங்கத் தட்டில் பரிமாறியதைப் பார்த்து 'சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா' என்று கேட்டுத் தட்டையும் வாங்கி நிதிக்கு ஏலம் விட்டார் என்பதை இந்த ஊரில் யாரும் சொல்வார்கள். 1951-இல் சென்னை மாகாண மேலவைக்கு உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றம் ஒன்றுக்குள் போன முதல் திரைக்கலைஞர் அவர்தான். அண்ணாதுரை, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்று தமிழ்நாடு பிறகு நடந்த பாதையின் முதல் மைல்கல் கொடுமுடிக்காரி ஒருத்தி என்பது அரசியல் புத்தகங்களில் அடிக்குறிப்பாகக்கூட அதிகம் வருவதில்லை.

இனி ராஜாஜி விஷயம். 1953-இல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி, கொத்தமங்கலம் சுப்பு இயக்கத்தில் 'ஔவையார்' வெளியிட்டது. பிரம்மாண்டமான படம், பிரம்மாண்டமான வெற்றி. அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜி படத்தைப் பார்த்துவிட்டு, தன் நாட்குறிப்பில் பிடிக்கவில்லை என்று எழுதி வைத்தார். யானைகள் அட்டைக் கோட்டையை இடிப்பதும் இடியும் மின்னலும் அவருக்கு எரிச்சல். டி.கே. சண்முகத்தின் நாடகம் எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. படத்தை இன்றைக்குப் பார்த்தால் ராஜாஜி பக்கம் சாயத்தான் தோன்றுகிறது. ஆனால் சுந்தராம்பாள் பாடத் தொடங்கும் இடங்களில் யானை மறந்துபோகிறது, கோட்டை மறந்துபோகிறது. பன்னிரண்டு வருஷம் கழித்து, சண்முகத்தின் கம்பெனியிலிருந்து வந்த அக்கம்மாபேட்டைக்காரர், யானையும் கோட்டையும் இல்லாமல் அதே ஔவையை ஒரு மலையடிவார செட்டில் நிறுத்திப் பாடவிட்டார். ராஜாஜிக்கு அதுவே பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

சுந்தராம்பாள் நடித்த படங்கள் மொத்தம் ஒரு டஜன் தேறும். 'பூம்புகார்' படத்தில் (1964) சமணத் துறவி கவுந்தியடிகள்; வசனம் கருணாநிதி. முருக பக்தையும் பகுத்தறிவுக்காரரும் சேர்ந்த அந்தப் படத்தில், கடவுளைச் சந்தேகிக்கும் ஒரு வரியைப் பாடமாட்டேன் என்று அவர் நின்றுவிட, வரி மாற்றப்பட்டதாகச் சொல்வார்கள். 'கந்தன் கருணை'யில் மறுபடி ஔவை. 1973-இல் நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் இளம் வயதுப் புனிதவதி லட்சுமி. அழகே வேண்டாம், பேய் உருவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கிக்கொண்ட அம்மையார் சுந்தராம்பாள். நந்தன், மணிமேகலை, ஔவை, கவுந்தி, காரைக்கால் பேய். வரிசையைப் பாருங்கள். இளமையை உதறியவர்கள், குடும்பத்தைத் தாண்டியவர்கள். திரையில் ஒருமுறைகூடச் சாதாரணக் காதலியாக வராத ஒரு பெண் கதாநாயகிக்குத் தமிழ் சினிமாவில் இரண்டாவது உதாரணம் தேடினால் கிடைப்பது கஷ்டம். அந்த விரதத்தைச் சினிமாவும் வசதியாகப் பயன்படுத்திக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும். 45 வயதில் கிழவியானவர், கடைசி வரைக்கும் கிழவியாகவே இருந்தார்.

விருதுகள் வந்தன. தமிழிசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் பட்டம், 1970-இல் பத்மஸ்ரீ. 'துணைவன்' படப் பாட்டுக்காக 1969-ஆம் ஆண்டின் தேசிய விருது. சிறந்த பின்னணிப் பாடகிக்கான அந்த விருதை முந்தைய வருஷம் முதன்முதலில் வாங்கியவர் பி. சுசீலா, இரண்டாவது இவர். பின்னணி என்ற சொல் இவருக்குப் பொருந்துமா என்பது வேறு. தன் வாய்க்குத் தானே பாடியவர்.

பங்குனி உத்திரம் நெருங்கும்போது கொடுமுடிக்கு வேறு முகம். கொங்கு நாட்டின் பல ஊர்களிலிருந்தும் காவடிக்காரர்கள் வந்து, காவிரியில் முழுகித் தீர்த்தக் குடங்களை நிரப்பிக்கொண்டு பழனிக்கு நடக்கிறார்கள். சேலம் மாவட்டத்து எடப்பாடிக்காரர்கள் பழனிக்குப் போவது தைப்பூசத்தை ஒட்டி. டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்து, மலை மேலேயே இரவு தங்கும் உரிமை பெற்றவர்கள். நடக்கும் கூட்டத்தோடு ஒரு வேனில் ஒலிபெருக்கி கட்டி வைத்திருப்பார்கள். புதுசாக வந்த காவடிச் சிந்துக் குத்துப்பாட்டுகள்தான் பெரும்பாலும். இளவட்டங்கள் அதற்கு ஆடுவார்கள். நடுவில் எப்போதாவது, பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறிய பிள்ளையைக் கூப்பிடும் அந்தக் கிழவியின் குரல் வரும். ஆட்டம் நின்றுபோகும், தாளம் ஆட்டத்துக்கு ஏற்றதல்ல. வயசானவர்கள் சிலர் கூடவே பாடிப் பார்த்து, உச்சிக்குப் போகும் இடத்தில் மூச்சு முட்டிச் சிரித்துவிட்டு நடையைத் தொடர்வார்கள்.

அவர் சென்னையில் வாழ்ந்தாலும் சம்பாதித்ததில் ஒரு பங்கு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. கே.பி.எஸ். என்று தன் பெயரிலேயே கொடுமுடியில் ஒரு திரையரங்கு கட்டினார். 1969-இல் முதலமைச்சர் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். 1980-இல் இறக்கும் வரை சுந்தராம்பாள் அதன் முதலாளி. ரயிலில் பாடிக் கையேந்திய ஊரில், காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால்தான் உள்ளே வரலாம் என்று ஒரு கதவு வைத்தார்.